தெரியாமல் செய்ததற்கு யார் பொறுப்பு?

பிரியமானவர்களே, ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஒருவர் நல்ல எண்ணத்தோடு ஒரு காரியம் செய்கிறார். யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. நாலு பேர் சந்தோஷப்படட்டும் என்றுதான் செய்தார். நூறு வருஷம் கழித்து, அந்தக் காரியத்தால் பெரிய கேடு வந்திருக்கிறது என்று தெரியவருகிறது. செய்தவர் இன்று உயிரோடு இல்லை. ஆனால் அந்த சந்தோஷத்தை அனுபவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்ய வேண்டும்? "நான் செய்யலையே, எனக்கென்ன?" என்று இருந்துவிடலாமா?

இது வெறும் வாதத்துக்காகக் கேட்கிற கேள்வி அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் சியரா நெவாடா என்று ஒரு பெரிய மலைத்தொடர் உண்டு. அங்கே பல குடும்பங்களுக்கு முன்னால் இந்தக் கேள்வி நேராகவே வந்து நின்றது.

அந்த மலையின் உச்சிப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான சிறு ஏரிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு ரோடு கிடையாது. கோடை விடுமுறையில் குடும்பமாக நடந்தே போகிறார்கள். கூடாரம், படுக்கை, சிறு அடுப்பு, இரண்டு மூன்று நாள் சாப்பாடு எல்லாம் முதுகுப் பையில். கரடி திறக்க முடியாத கெட்டி டப்பாவில்தான் சாப்பாட்டை வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளும் தங்கள் சுமையைத் தாங்களே சுமக்கிறார்கள். போன் மணி அடிக்காது, டிவி கிடையாது. சாயங்காலம் அப்பாவும் பிள்ளையும் ஒரே பாறையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார்கள். டிரவுட் மீன் மாட்டினால் அங்கேயே பொரித்துச் சாப்பிடுகிறார்கள். தாத்தா காட்டிய ஏரிக்கே பேரனும் தன் பிள்ளையைக் கூட்டிப் போகிற குடும்பங்கள் உண்டு. ஒரே வீட்டில் இருந்தும் பேசிக்கொள்ள நேரமில்லாத இந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய காரியம்!

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். தப்பு ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அந்த ஏரிகளில் ஆதியிலே மீனே கிடையாது.

பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து உண்டான ஏரிகள் அவை. கீழே ஆற்றில் இருக்கும் மீன் செங்குத்தான அருவிகளைத் தாண்டி மேலே ஏற முடியாது. ஆகவே ஏறத்தாழ 6,000 அடிக்கு மேலே இருந்த நீர்நிலைகளில் பெரும்பாலானவை மீன் இல்லாமலே இருந்தன. மனிதர்கள்தான் கொண்டுபோய் விட்டார்கள். 1876-ல் ஒரு காபிப் பாத்திரத்தில் சில டிரவுட் மீன்களைப் போட்டு ஓர் ஓடையிலிருந்து இன்னொரு ஓடைக்குக் கொண்டுபோனார்களாம். பிறகு பால் கேன்களில் மீன்குஞ்சுகளை நிரப்பி, கோவேறு கழுதைமேல் ஏற்றிக் கொண்டுபோனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசாங்கமே விமானத்திலிருந்து குஞ்சுகளை ஏரிகளில் கொட்டியது. ஜனங்களுக்கு நன்மை செய்கிறோம் என்ற எண்ணத்தில்தான் எல்லாம் நடந்தது.

ஆனால் அந்த ஏரிகள் காலியாக இருக்கவில்லை, பிரியமானவர்களே. அங்கே மஞ்சள்கால் தவளை குடியிருந்தது. அந்தக் குளிரில் அதன் தலைப்பிரட்டை தவளையாக மாற இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதுவரை அடிவரைக்கும் உறைந்துபோகாத ஆழமான ஏரி அதற்கு வேண்டும். மீனுக்கும் அதே ஆழம்தான் வேண்டும். மீன் வந்தது, தலைப்பிரட்டைகளைத் தின்றது. தவளையைத் தின்று பிழைத்த ஒருவகைப் பாம்பும் குறைந்தது. தண்ணீரில் வளர்ந்து பறக்க வேண்டிய பூச்சிகளை மீன் முன்பே தின்றுவிட்டதால், அந்தப் பூச்சிகளை நம்பியிருந்த மலைக்குருவிக்கும் இரை குறைந்தது. மீன் உள்ள இடத்தில் தவளை நிற்பதில்லை என்று 1924-லேயே கிரின்னல், ஸ்டோரர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதி வைத்தார்கள். அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் மீன் கொட்டப்பட்டது. இன்று அந்தத் தவளை முன்பு இருந்த இடங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேலானவற்றில் இல்லை. இதில் ஒரு பூஞ்சை நோய்க்கும் பெரிய பங்கு உண்டு, அதையும் உண்மையாகச் சொல்ல வேண்டும். 2014-ல் அது அழியும் ஆபத்தில் உள்ள உயிர் என்று அமெரிக்க அரசு அறிவித்தது.

யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1991-ல் மீன் விடுவதை அடியோடு நிறுத்தினார்கள். கிங்ஸ் கேன்யன் பூங்காவில் 1990களின் பிற்பகுதியில் சில ஏரிகளில் வலை போட்டு மீன்களை எடுத்துப் பார்த்தார்கள். சில வருஷத்துக்குள் அங்கே தவளைகள் திரளாகப் பெருகின. அந்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. கேட்டைச் சரிசெய்ய முடியும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் தூண்டிலோடு மலை ஏறி வருகிற குடும்பத்துக்கு, தாத்தா காட்டிய ஏரியில் மீன் இருக்காது. அந்த வருத்தமும் உண்மையானதுதான். அதை லேசாக எண்ணக்கூடாது.

இப்போது நாம் மூன்று காரியங்களைச் சிந்திப்போம்.

முதலாவது, நல்ல எண்ணம் பழியை நீக்கும், ஆனால் கடமையை நீக்காது. லேவியராகமத்தை வாசித்துப் பாருங்கள். அறியாமல் செய்த குற்றத்துக்கும் அங்கே பலி உண்டு, நஷ்டஈடு உண்டு, அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவும் வேண்டும். "எனக்குத் தெரியாதே" என்பதோடு கணக்கு முடிந்துவிடவில்லை. இப்படி யோசியுங்கள். உங்கள் அப்பா வேலி போட்டார். அளந்தவர் தப்பாக அளந்ததால், பக்கத்து வீட்டு விதவையின் நிலம் இரண்டு அடி உங்கள் பக்கம் வந்துவிட்டது. அப்பா குற்றவாளி இல்லை, நீங்களும் இல்லை. ஆனால் உண்மை தெரிந்த நாள் வருகிறதே, அந்த நாளுக்குப் பிறகு அந்த வேலியை அங்கேயே நிறுத்தி வைத்திருப்பது யார்? அப்பா அல்ல, நீங்கள்தான்.

இரண்டாவது, மீனுக்கும் ஜீவன் உண்டே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்த மீன் தானாக வரவில்லை, மனிதன் கொண்டுவந்து விட்டான். இப்போது அதே மனிதன் அதை வலையில் சாகடிக்கிறான். இதைச் சிரித்துக்கொண்டே செய்ய முடியாது. ஆனாலும் டிரவுட் வாழ எத்தனையோ ஆறுகள் உண்டு. இந்தத் தவளைக்கோ இந்த மலைகளை விட்டால் வேறே இடம் இல்லை. எல்லா ஏரிகளிலும் மீனை எடுக்கவும் இல்லை. குறிப்பிட்ட சில ஏரிகளில்தான் எடுக்கிறார்கள். மற்றவற்றில் இன்றும் மீன் பிடிக்கலாம். மீன் பிடிப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. பேதுருவும் யோவானும் மீன் பிடித்துப் பிழைத்தவர்கள்தானே. இந்த ஏரியில் இந்த சந்தோஷம் யாருடைய இடத்தில் நடக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

மூன்றாவது, வாயில்லாதவர்களுக்காக யார் பேசுவது? மழை பெய்தால் ஊரே கேட்கும்படி கத்துகிற நம்ம ஊர்த் தவளை மாதிரி அல்ல அது. பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேதான் மெதுவாகச் சத்தமிடும். கரையில் நிற்கிறவனுக்குக் கேட்பது அரிது. மீன் பிடிக்கிறவர்கள் சங்கம் வைத்து மனு கொடுக்கலாம், தவளைக்கு அது முடியுமா? மனு கொடுக்க முடியாதவர்களின் பங்கை, அனுபவிக்கிறவர்களே நினைத்துப் பார்த்து ஒதுக்கி வைக்க வேண்டும்.

அப்படியானால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? மீன் இல்லாவிட்டால் என் பையன் இவ்வளவு தூரம் நடப்பானா என்று ஒரு தகப்பன் கேட்டால், அதற்குச் சுலபமான பதில் கிடையாது. சிலர் வராமலும் போவார்கள். ஆனால் வருகிற பிள்ளைக்கு அந்த நடை இருக்கிறது, குளிர் இருக்கிறது, அப்பாவின் முழுக்கவனமும் இருக்கிறது. கரைப்பாறையில் குப்புறப் படுத்து தலைப்பிரட்டைகளை எண்ணலாம். "இங்கே ஏன் மீன் இல்லை?" என்று அவன் கேட்கும்போது, "நம்ம பெரியவங்க தெரியாம ஒண்ணு செஞ்சாங்க, இப்ப தெரிஞ்சுபோச்சு, அதனால விட்டுக்கொடுத்தோம்" என்று அப்பா சொல்லலாம். அந்தப் பதிலைக் கேட்டு வளர்ந்த பிள்ளை நாளைக்குப் பங்காளியோடு வேலிச் சண்டை போடுமா?

இது ஏதோ வெளிதேசத்துக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம்முடைய நீலகிரியிலும் ஆங்கிலேயர் தங்கள் தூண்டில் பொழுதுபோக்குக்காக டிரவுட் மீனைக் கடல் கடந்து கொண்டுவந்து ஓடைகளில் விட்டார்கள், அவலாஞ்சியில் பொரிப்பகமும் கட்டினார்கள். நம் வீடுகளுக்குள்ளும் இப்படிப்பட்டவை உண்டு. வீடு கட்டிய நாளிலிருந்து நம் கழிவுநீர் யார் கிணற்றுப் பக்கம் போகிறது? முன்னோர் வைத்துப்போன வழக்கத்தால் நமக்கு லாபம் வருகிறதே, அதனால் நஷ்டப்படுகிறவர் யார்? கேட்டால் பதில் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில்தான் நாம் பல நேரங்களில் கேட்பதில்லை.

இந்த வாரம் உங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஏதாவது ஒன்று தெரியவந்தால், பெரிதானாலும் சிறிதானாலும், வேலியை நகர்த்தி வையுங்கள். கர்த்தர்தாமே அதற்கு வேண்டிய பெலனை உங்களுக்குத் தருவாராக. ஆமென்.