மறைக்கப்பட்ட பணப்பை

கலைப்படைப்பொன்றை மதிப்பிடுமிடத்து, அதற்குப் பொருள் கொடுத்தவனின் ஒழுக்கத்தையும் கணக்கிலெடுத்தல் வேண்டுமோ? இவ்வினாவைப் பொதுப்பட ஆராய்வதிலும் பார்க்க, ஓர் ஓவியத்தின் முன் நின்று ஆராய்வதே பயன்தரும்.

நெதர்லாந்து ஓவிய மரபின் முன்னோடிகளுள் ஒருவனாகிய யான் வன் எய்க் 1435 ஆம் ஆண்டளவில் தீட்டிய கன்னி மரியாள் ஓவியமொன்று பாரிஸ் நகரின் லூவர் நூதனசாலையில் உள்ளது. உயரம் 66 சென்ரிமீற்றர் மாத்திரமே. வலப்புறத்தில் அன்னை, மடியிலே குழந்தை இயேசு. இடப்புறத்தில் முழந்தாளிட்டிருப்பவன் நிக்கொலா றோலன். 1422 முதல் பேர்கண்டிக் கோமகன் பிலிப்பின் தலைமை அமைச்சனாய் விளங்கியவன். இத்தகைய படங்களிலே பொருளீந்தோர் பெரும்பாலும் புனிதர் ஒருவரின் துணையுடனேயே அன்னையை அணுகுவர். இங்கோ புனிதர் எவருமிலர். அமைச்சனும் அன்னையும் ஒத்த அளவினராய் எதிரெதிரே இருக்கின்றனர். போதாக்குறைக்குப் பொன்னிழை மின்னும் மேலாடை வேறு!

அகந்தை என்றே நானும் முதலில் தீர்ப்பிட்டேன். ஆனால், செங்கீழ்க் கதிர் கொண்டு நிகழ்த்திய ஆய்வு வண்ணங்களின் அடியிலுள்ள முதல் வரைவை வெளிப்படுத்தியபோது, றோலனின் இடைக்கச்சில் பெரியதொரு பணப்பை தொங்குவது தெரியவந்தது. முற்றுப்பெற்ற ஓவியத்தில் அது இல்லை. குழந்தையின் கையும் வரைவிலே கீழ்நோக்கியிருந்து, பின்னரே ஆசி வழங்க உயர்ந்துள்ளது.

இதனைப் பாசாங்கு எனலாம். செல்வம் எங்கும் போய்விடவில்லை. கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று, அவ்வளவே. ஆயினும் மறைப்பெல்லாம் ஒரு தன்மையன அல்ல. ஊரார் காணாதிருக்க மறைப்பது ஒன்று; தான் வணங்கும் ஒருத்தியின் முன் கொண்டுசெல்லக் கூசுவது மற்றொன்று. கூச்சமாயின் ஆடையையும் மாற்றியிருக்க வேண்டாமோ எனக் கேட்பின், அதற்கு நிறைவான விடை என்னிடமில்லை. 1443 இல் றோலனும் அவன் மனைவி கிகோனும் போன் என்னும் ஊரில் வறிய நோயாளர்க்கு மருத்துவமனை நிறுவினர் என்பதையும் மறத்தலாகாது. அப்பொருளும் அதே பையிலிருந்து வந்ததுதானே!

ஓவியனும் தன் பங்குக்கு வாளாவிருந்தானல்லன். றோலனின் தலைக்கு மேலே, தூணின் சிற்பத்தில், ஆதாமும் ஏவாளும் துரத்தப்படுகின்றனர். காயீன் தம்பியைக் கொல்கின்றான். நோவா மதுவில் மயங்கிக் கிடக்கின்றான். பொருள் கொடுத்தவனின் உச்சிக்கு நேரே மானிடத்தின் குற்றங்கள் வரிசையாக நிற்கின்றன. குற்றம் படத்துக்குப் புறம்பானதன்று. படத்துள்ளேயே இடம் பெற்றுள்ளது. எனவே, கொடுத்தவனை விடுத்து அழகை மாத்திரம் சுவைப்போம் என்பார் பாதி ஓவியத்தையே காண்கின்றனர் என்பது என் கருத்து. ஆயினும் பொன்னிழைக்கும் குழந்தையின் மேனிக்கும் அவ்வோவியன் செலவிட்ட பொறுமை ஒன்றே.

மூன்று வளைவுகளுக்கு அப்பால் ஒரு பூந்தோட்டம். அதன் எல்லையில் மதில். அங்கே சிறிய மனிதர் இருவர். ஒருவன் மதிலிடைவெளியிலே குனிந்து கீழே நோக்குகின்றான். செந்தலைப்பாகை அணிந்த மற்றவன் அருகில் நிற்கின்றான். இவ்வளவு பெரிய சந்திப்பொன்று தம் பின்னாலே நிகழ்வதை அவர்கள் அறிந்ததாகத் தெரியவில்லை.