சுவருக்கு விலக்கப்பட்ட மரம்

படமே கூடாதென்று விதித்துக்கொண்ட ஒரு சமயக் குழு விட்டுச்சென்ற படங்களைக் கலைப்பொருள்கள் என்ற பெயரில் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது அச்சமயத்தை அறிவதற்கான வழியா, அதை மீறும் செயலா என்ற கேள்வி, அமெரிக்கக் கலையைக் காட்சிப்படுத்தும் பெருநகர அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் எழுவதில்லை. நிலக்காட்சிகளும் உருவப்படங்களும் மாட்டி வைப்பதற்கென்றே வரையப்பட்டவை. அவற்றைச் சுவரில் காண்பதால் எவருடைய நம்பிக்கைக்கும் ஊறு நேர்வதில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், பெர்க்ஷயர் மலைப்பகுதியில், பிட்ஸ்ஃபீல்டு நகரை ஒட்டியுள்ள ஹான்காக் ஷேக்கர் கிராமம் என்ற வட்டார அருங்காட்சியகத்திலோ இக்கேள்வியைக் கடந்து போக வழியில்லை. ஏனெனில் படங்களும், அவற்றைச் சுவரிலிருந்து விலக்கிய விதிக்கு உட்பட்டு மக்கள் வாழ்ந்த அறைகளும் அங்கே ஒரே வளாகத்தில் உள்ளன.

ஷேக்கர் என்பது, வழிபாட்டின்போது அருள் வந்தவர்போல் உடல் நடுங்கி ஆடியதைக் கண்ட வெளியார் இட்ட ஏளனப் பெயர். காலப்போக்கில் அதுவே நிலைத்துவிட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1736இல் பிறந்த ஆன் லீ, 1774இல் ஒரு சிறு குழுவுடன் நியூயார்க்கில் வந்திறங்கி, 1784இல் மறையும்வரை இச்சமயத்தைப் பரப்பினார். கடவுளிடம் தந்தைமையும் தாய்மையும் ஒருங்கே உள்ளன என்பதும், மணவாழ்வைத் துறந்து, சொத்தைப் பொதுவாக்கி, செய்த பாவங்களை வாய்விட்டு அறிக்கையிட்டு வாழ வேண்டும் என்பதும் அவர்களுடைய அடிப்படைகள். 1790இல் ஒழுங்கமைக்கப்பட்ட ஹான்காக் சமூகம் 1960வரை நீடித்தது. கடைசிச் சகோதரிகள் வெளியேறிய அதே ஆண்டில் அவ்விடம் அருங்காட்சியகமாக அமைக்கப்பட்டது.

ஆன் லீ மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின், 1837இல், நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்வ்லீட் ஷேக்கர் குடியிருப்பில் சில சிறுமிகள் மெய்மறந்த நிலையில் ஆவியுலகைக் கண்டதாகக் கூறத் தொடங்கினர். ‘அன்னை ஆனின் பணி’ என்று ஷேக்கர்கள் அழைத்த அந்த எழுச்சி பிற குடியிருப்புகளுக்கும் பரவி, ஏறத்தாழ 1850களின் நடுப்பகுதிவரை நீடித்தது. ஆவியுலகிலிருந்து பாடல்களும் செய்திகளும் நடனங்களும் கிடைத்தன, சித்திரங்களும் கிடைத்தன. அருட்கொடை எனக் கருதப்பட்ட இச்சித்திரங்களுள் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 200. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெண்களின் கைவண்ணம். இவை உருவாகிக்கொண்டிருந்த காலத்தின் நடுவே, 1845இல் தொகுக்கப்பட்ட ஷேக்கர் ஒழுக்க விதிகள், உறைவிடங்களிலும் பட்டறைகளிலும் படம் எதையும் மாட்டக்கூடாது என்று தடுத்ததோடு நில்லாமல், சட்டகத்தில் கண்ணாடியிட்டு அடைத்த படம் சமூகத்தினரிடையே இருக்கவே கூடாது என்றும் தனியாகக் குறிப்பிட்டன. வரைவதை விதி தடுக்கவில்லை. படத்தைச் சுவருக்கு உரியதாக, உடைமைக்கும் அலங்காரத்துக்கும் உரியதாக ஆக்குவதையே தடுத்தது. ஆகவே அருட்கொடைச் சித்திரங்கள் தனியொருவருக்கு வழங்கப்பட்டு, தாளாகவே பேணப்பட்டன.

அவற்றுள் இன்று புகழ்பெற்றது ஹானா கோஹூன் வரைந்த ‘வாழ்வின் மரம்’. 1788இல் பிறந்து, இரு குழந்தைகளுடன் 1817இல் ஹான்காக்கில் சேர்ந்த அவர், இதை 1854ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் காட்சியாகப் பெற்று, தம் 66ஆம் வயதில் வரைந்தார். பெரிய உருண்டைக் கனிகளும் கட்டம் போட்ட இலைகளும் கொண்ட அம்மரத்தின் கீழ் அவரே எழுதி வைத்த குறிப்பு, படத்தைவிடவும் ஆழமான சிக்கலைத் தருகிறது. அவர் கண்டது ஒரு மரத்தை அன்று. வெள்ளைத் தாளில் ஏற்கெனவே வரையப்பட்டிருந்த ஒரு மரத்தின் படத்தை. அது ஆவியுலகில் வளரும் மரம் என்பது அவருக்குப் பின்னரே தெரியவந்தது. இலைகளின் கட்டங்களும் நிறங்களும் தமக்குக் காட்டப்பட்டபடியே உள்ளன என்று அவர் வலியுறுத்துகிறார். மரத்தின் பெயரையும், அன்னை ஆன் வேறொருவரின் கையை இயக்கி எழுதுவித்த பிறகுதான் அறிந்தார்.

பிளேட்டோ ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் ஓவியரைக் குறைகூறியது இங்கே நினைவுக்கு வரும். கட்டிலின் மெய்வடிவம் ஒன்று. அதைப் பார்த்துத் தச்சர் செய்வது இரண்டாவது. அந்தக் கட்டிலின் தோற்றத்தைப் பார்த்து ஓவியர் தீட்டுவது மூன்றாவது. ஆகவே ஓவியம் உண்மையிலிருந்து மும்மடி விலகியது என்பது அவர் வாதம். கோஹூனின் கூற்றை ஏற்றுக்கொண்டால் இந்த ஏணி குலைந்துவிடுகிறது. அவருக்கு அருளப்பட்ட மூலமே ஒரு படம். அதைப் படியெடுப்பவர் ஒரு பொருளின் தோற்றத்தைப் போலி செய்யவில்லை, ஓர் ஆவணத்தை நகலெடுக்கிறார். கலை வரலாற்றாளர் அந்தக் கட்டமிட்ட இலைகளில் அக்காலத் துணித் தையல் வேலைப்பாடுகளின் சாயலைக் காணக்கூடும், அது தவறும் அன்று. எனினும் வரைந்தவரின் நம்பிக்கைப்படி, பாணி என்று நாம் பாராட்டுவது அவருடையதே அல்ல. (ஆவி பேசுவதாயினும் கேட்பவர் அறிந்த மொழியில்தானே பேச வேண்டும் என்று ஒரு ஷேக்கர் விடை கூறினால், அதை மறுப்பது எளிதன்று.)

அப்படியானால் அவர் ஏன் பெயரையும் வயதையும் எழுதினார்? பெரும்பாலான அருட்கொடைச் சித்திரங்களில் வரைந்தவர் பெயர் இல்லை. அதனாலேயே கோஹூனின் பெயர் காட்சியகங்களுக்கு வாய்ப்பாகிவிட்டது. ஆனால் நாள், கிழமை, வயது, எப்படிக் காட்டப்பட்டது என்ற விவரம் ஆகியவற்றோடு அப்பெயரைச் சேர்த்துப் படிக்கும்போது, அது ஓவியர் தம் படைப்புக்கு உரிமை கொண்டாடும் கையெழுத்தாகத் தோன்றவில்லை. பத்திரத்தின் அடியில் சாட்சி இடும் கையெழுத்தையே ஒத்திருக்கிறது. அருங்காட்சியகத்தின் விளக்க அட்டையோ இதே பெயரை முதல் வரியில் வைத்து, அடுத்த வரியில் அவர் பிறந்த ஆண்டையும் மறைந்த ஆண்டையும் தந்து, சாட்சியைக் கர்த்தாவாக மாற்றிவிடுகிறது. அட்டை கூறும் செய்திகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அவற்றை அடுக்கிய முறைதான் ஷேக்கர் நம்பிக்கையோடு மாறுபடுகிறது.

கண்ணாடியைப் பொறுத்தவரை அருங்காட்சியகத்துக்கு வேறு வழியே இல்லை. தாளில் மையாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்தவை ஒளிபட்டால் மங்கும், தூசுபட்டால் கெடும். சட்டமும் கண்ணாடியும் இன்றிப் பொதுப் பார்வைக்கு வைத்தால் அவை நிலைக்கமாட்டா. 1845ஆம் ஆண்டு விதி பெயர் சொல்லித் தடுத்த அதே அமைப்பை இன்றைய பேணல் முறை கட்டாயமாக்குகிறது. சிந்தனையாளர் வால்ட்டர் பெஞ்சமின் வழிபாட்டு மதிப்பு என்றும் காட்சி மதிப்பு என்றும் பிரித்தது இதை ஓரளவு விளக்கும்: வழிபாட்டுப் பொருளுக்கு அது இருப்பதே போதும், காணப்பட வேண்டியதில்லை, கலைப்பொருளோ காணப்படுவதாலேயே பொருள் பெறுகிறது. ஆனால் இப்பிரிவினை ஷேக்கர் சித்திரத்துக்கு முழுமையாகப் பொருந்தாது. அது வணங்கப்பட்டதும் இல்லை, அலங்கரித்ததும் இல்லை. பெற்றவர் எடுத்துப் படிக்கும் கடிதமாகவே இருந்தது.

நியூயார்க் நகரின் விட்னி அருங்காட்சியகம் 1935இல் ஷேக்கர் கைவினைக் காட்சி ஒன்றை நடத்தியதிலிருந்து, அவர்களுடைய நாற்காலிகளும் மேசைகளும் நவீன வடிவமைப்பின் முன்னோடிகளாகப் பாராட்டப்பட்டு வருகின்றன. தங்களை ஒரு நாற்காலியாக மட்டும் உலகம் நினைவில் வைப்பதை விரும்பவில்லை என்று ஷேக்கர் சகோதரி மில்ட்ரெட் பார்க்கர் கூறியதாக வழங்கும் கூற்று, அந்தப் பாராட்டின் குறையைச் சரியாகவே தொடுகிறது. பெருநகரக் கூடத்தின் வெண்சுவரில் ‘வாழ்வின் மரம்’ ஒரு துணிச்சலான வடிவமைப்பாக மட்டுமே நிற்கிறது. ஹான்காக்கில் அதைப் பார்ப்பவர் அடுத்ததாக 1830ஆம் ஆண்டின் செங்கல் உறைவிடத்துக்குள் நுழைந்து, தொப்பியும் நாற்காலியும் மாட்டுவதற்கான மரமுளைகள் வரிசையாக ஓடும், படம் எதுவுமற்ற சுவர்களைக் காணலாம். அந்த வெறுமையும் சேர்ந்ததே இச்சித்திரம் என்பதால், விலக்கையும் உடன் காட்டக்கூடிய வட்டாரக் காட்சியே இங்கே மேலானது. சேகரிப்பின் அளவோ புகழோ இதில் ஒரு பொருட்டன்று.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. 1860இல் ஷேக்கர் ஒழுக்க விதிகள் திருத்தப்பட்டபோது கட்டுப்பாடு பல இடங்களில் தளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுத்த நிழற்படங்களில் ஷேக்கர்களின் அறைகளிலேயே சட்டமிட்ட படங்கள் தொங்குகின்றன. அருங்காட்சியகம் மீட்டமைத்த வெற்றுச்சுவர், ஏறத்தாழ இரு நூற்றாண்டு வரலாற்றில் சில பதிற்றாண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்து நிலைநிறுத்தியது. அவ்வகையில் அதுவும் சித்திரத்தைப் போலவே காட்சிக்கு வைக்கப்பட்ட பொருள்தான். மெய்ன் மாநிலத்தின் சபாத்டே லேக்கில் இன்றும் வாழும் மிகச் சில ஷேக்கர்களுக்கு அச்சமயம் நடந்துகொண்டிருக்கும் வாழ்க்கை. எந்தக் காலத்து விதி தங்களைக் கட்டுப்படுத்துகிறது என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது, ஹான்காக்கின் காப்பாளர்களுடையது அன்று.