அழகர் வரும் பாதையில் ஓர் இடம்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பங்குனி முடியும் முன்பே வீடுகளில் ஒரு பேச்சு எழும். இந்த வருஷம் சித்திரைத் திருவிழாவில் அழகரை எங்கே நின்று பார்ப்பது? போவதா வேண்டாமா என்று யாரும் கேட்பதில்லை. அது முடிவான காரியம். மூன்றுமாவடியிலா, தல்லாகுளத்திலா, ஆற்றிலா, வண்டியூரிலா என்பதுதான் விவாதம். அப்பத்தாவால் எவ்வளவு தூரம் நடக்க முடியும், கைக்குழந்தையை எந்த நிழலில் உட்கார வைக்கலாம், சின்னவனுக்கு மொட்டை போட வேண்டியது பாக்கியிருக்கிறதே என்று ஒவ்வொருவரும் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். வீட்டில் எல்லாருடைய உடம்பையும் ஆசையையும் ஒரே நேரத்தில் நினைத்துப் பார்க்க வைக்கும் பேச்சு வருஷத்தில் இப்படி எத்தனை முறை நடக்கிறது?

குடும்பத்தோடு வெளியே போவது இன்று எளிதாகிவிட்டது. கார் இருக்கிறது, விடுதி அறையைக் கைபேசியிலேயே பிடித்துவிடலாம். ஆனால் போன இடத்தில் குடும்பத்துக்கு என்ன வேலை? நுழைவுச்சீட்டு வாங்கிச் சுற்றிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு அது முடிந்துவிடுகிறது. நாமும் பார்வையாளர்கள், பக்கத்தில் நிற்பவரும் பார்வையாளர். சித்திரைத் திருவிழாவில் இது தலைகீழ். அங்கே ஊர் சுற்றுபவர் சாமி. மக்கள் வழியெங்கும் நின்று விருந்தாளியை எதிர்கொள்கிறார்கள்.

அழகர்கோயில் மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர். சித்ரா பௌர்ணமியை ஒட்டி, காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பணசாமியிடம் விடை பெற்றுக்கொண்டு, கள்ளர் கோலத்தில், கையில் கம்போடு அழகர் தங்கப் பல்லக்கில் புறப்படுகிறார். கள்ளந்திரி, அப்பன்திருப்பதி வழியாக வந்து மூன்றுமாவடியில் எதிர்சேவை. தல்லாகுளம் பெருமாள் கோயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலை அவருக்குச் சாற்றப்படுகிறது. மறுநாள் விடியலில் தங்கக் குதிரையில் வைகைக்குள் இறங்குகிறார். வெள்ளிக் குதிரையில் வந்த வீரராகவப் பெருமாள் வரவேற்கிறார். அன்று என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்று ஊரே பார்க்கும். பச்சை என்றால் அந்த வருஷம் விளைச்சல் செழிக்கும் என்பது நம்பிக்கை. பிறகு இராமராயர் மண்டபம், இரவு வண்டியூர், மறுநாள் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம், அன்றிரவு தசாவதாரக் காட்சி. அடுத்துத் தல்லாகுளத்தில் பூப்பல்லக்கு, அங்கிருந்து வந்த வழியே மலைக்குத் திரும்புதல்.

இந்தப் பாதை நெடுக நானூற்றுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகள். சில கல் மண்டபங்கள். பல, நாலு கம்பு நட்டுத் தென்னங்கீற்று வேய்ந்து வாழை கட்டிய பந்தல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பமோ வணிகர் சங்கமோ ஒரு தெருவோ பொறுப்பு. அழகர் அங்கே நிற்பது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் முதல் நாளே வந்து சேர்கிறார்கள். பெரியப்பா சமையலுக்குச் சொல்கிறார், அத்தைமார் பானகத்துக்கு வெல்லம் தட்டிப் போடுகிறார்கள், பையன்கள் நீர்மோர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை யாரென்றே தெரியாத ஒரு கிழவருக்கு ஒரு டம்ளர் மோரை நீட்டுகிறது. அவர் குடித்துவிட்டு அதன் தலையைத் தொட்டு “நல்லா இருப்பா” என்கிறார். எந்த உல்லாசப் பூங்காவிலும் பிள்ளைக்கு இந்த அனுபவம் கிடைக்காது.

இந்த வாய்ப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி வாய்த்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மண்டகப்படி உரிமை, பரிவட்டம், முதல் மரியாதை எல்லாம் சாதியோடும் செல்வாக்கோடும் பின்னிக் கிடந்தவை. ஆனாலும் மண்டகப்படி இல்லாதவர்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. அவர்கள் கையில் சர்க்கரைக் கிண்ணம் இருந்தது.

பித்தளைக் கிண்ணத்தில் விளிம்புவரை நாட்டுச் சர்க்கரை. மேலே வட்டமாக நறுக்கிய வாழை இலை, அதன் நடுவில் சூடம். பல்லக்கு அல்லது குதிரை கண்ணில் பட்டதும் சூடத்தை ஏற்றி, இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தலைக்கு மேல் உயர்த்துவார்கள். ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான சுடர்கள் ஆடும். அழகர் கடந்ததும் கிண்ணம் கீழே இறங்கும், இலை விலகும். சர்க்கரை பக்கத்தில் நிற்பவர்கள் கைக்குப் போகும். யார், எந்த ஊர் என்று யாரும் விசாரிப்பதில்லை. இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். கடையில் வாங்கிய கால் கிலோ சர்க்கரை போதும்.

பிள்ளைகளுக்கு இன்னும் கொண்டாட்டமானது தண்ணீர் பீய்ச்சுதல். ஆட்டுத்தோலைத் தைத்து வாயில் சின்னக் குழாய் பொருத்திய பையைத் தோளில் தொங்கவிட்டு, அழகர் போலவே வேடமிட்டவர்கள் வழியெல்லாம் நீர் தெளித்து வருவார்கள். சித்திரை வெயிலில் வரும் சாமிக்குச் சூடு தணிய வேண்டுமே என்ற கரிசனம் அது. சிலர் அழுத்தம் கூடிய பம்புகளால் பீய்ச்ச ஆரம்பித்ததும், அது கூடாதென்று நிர்வாகம் அறிவிக்க வேண்டி வந்தது. அறிவித்தது சரி. தோல்பையிலிருந்து வரும் நீர் மேலே பட்டால் குழந்தை சிரிக்கும், பம்பிலிருந்து வரும் நீர் முகத்தில் அடித்தால் அழும்.

திருவிழாவின் இன்னொரு பாதி நகருக்குள், மீனாட்சி கோயிலில் பன்னிரண்டு நாள் நடக்கிறது. பட்டாபிஷேகம், திக்விஜயம், திருக்கல்யாணம், மறுநாள் மாசி வீதிகளில் தேர். திருக்கல்யாணம் முடிந்ததும் பெண்கள் அங்கேயே புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். சேதுபதி பள்ளியில் கல்யாண விருந்து நடக்கிறது. வந்தவர்கள் மொய் எழுதிவிட்டுப் போகிறார்கள். மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருவிழாவைச் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் ஆற்றில் இறங்கிவந்த அழகரை மதுரைக்கு வரவழைத்து, இரண்டையும் அடுத்தடுத்து நடக்க வைத்தவர் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் என்பது வரலாற்று வழக்கு. வண்டியூர்ப் பக்கத்து மண்டபத்துக்குத் தேனூர் மண்டபம் என்று பேர் வந்ததும் அந்த நினைவில்தான். இரண்டும் சேர்ந்த பிறகு மக்கள் தாங்களாகவே ஒரு கதையைக் கட்டினார்கள். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீரோடு புறப்பட்ட அண்ணன் அழகர் வழியெல்லாம் நின்று நின்று வந்ததில் முகூர்த்தம் தப்பிவிட்டது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமலே திரும்பிவிட்டார். புராணம் சொல்லும் காரணம் மண்டூக முனிவரின் சாப விமோசனம். ஆனால் ஆற்றங்கரையில் பேரனைத் தோளில் வைத்திருக்கும் தாத்தா சொல்வது அண்ணன் கதையைத்தான். சீர், முறை, மனத்தாங்கல் எல்லாம் உள்ள கதை என்பதால் எந்த வீட்டுக்கும் அது பொருந்துகிறது.

இந்த ஏற்பாட்டில் வாழ்க்கைக்கு முக்கியமாகத் தோன்றுவது ஒன்று உண்டு: நாளை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. இளவேனில், முழுநிலா, பங்குனி அறுவடையின் ஓய்வு எல்லாம் கூடித் தேதியைக் குறிக்கின்றன. மற்ற வேலைகள்தான் அதற்கு வழிவிட வேண்டும். 2019 நாடாளுமன்றத் தேர்தலில் மதுரையின் வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 18, தேரோட்ட நாளாக அமைந்தது. அந்தத் தொகுதிக்கு மட்டும் வாக்களிக்கும் நேரம் இரவு எட்டு மணிவரை நீட்டிக்கப்பட்டது. அவரவர் வசதிக்கு நாள் பார்க்கும் பயணம் மகனின் விடுப்புக்கும் மருமகளின் விடுப்புக்கும் நடுவே சிக்கி அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். சித்ரா பௌர்ணமியைத் தள்ளிப்போட யாராலும் முடியாது. அதனாலேயே குடும்பம் கூடிவிடுகிறது. கொரோனாவால் 2020லும் 2021லும் பக்தர்கள் இல்லாமல் திருக்கல்யாணம் நடந்தபோது, நேரலையில் அதைப் பார்த்துக்கொண்டே வீட்டில் கயிறு மாற்றிக்கொண்டார்கள் பெண்கள்.

கவலைப்பட வேண்டிய மாற்றமும் நேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் தூரத்துக் கிராமத்தார் கூண்டு வண்டியில் அடுப்பும் அரிசியும் ஏற்றிக்கொண்டு வந்து, ஆற்று மணலில் தங்கிப் பல நாள் கழித்துத் திரும்பினார்கள். அழகர் கோயிலைப் பற்றி ஆய்வு நூல் எழுதிய தொ. பரமசிவன் இந்த நாட்டுப்புற மக்களையும் அவர்கள் வேடங்களையும் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இன்று வேனில் வந்து அன்றே திரும்பிவிடுவதால், பல நாள் விழா ஒரு விடியற்காலையாகச் சுருங்குகிறது. தொலைக்காட்சியும் ஆற்றில் இறங்கும் அந்தக் காட்சியையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது. விளைவு, எல்லாரும் ஒரே மணல் திட்டுக்கு, ஒரே நேரத்துக்கு வருகிறார்கள். 2022 ஏப்ரல் 16 அன்று அந்த நெரிசலில் இருவர் இறந்தார்கள். காவல் ஏற்பாட்டைக் கூட்டுவது அரசின் கடமை. குடும்பங்கள் தாங்களே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது: ஆற்றை விட்டுவிட்டுப் பாதையைத் தேர்ந்தெடுப்பது.

முதியவரும் குழந்தையும் உள்ள வீட்டுக்கு மலை திரும்பும் நாள் நல்லது. அன்று கூட்டம் தளர்ந்திருக்கும். அப்பன்திருப்பதிப் பக்கம் சாலையோரப் புளியமரத்தடியில் பாய் விரித்து உட்காரலாம். கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். நுங்கும் வெள்ளரிப் பிஞ்சும் விற்பவர்கள் வருவார்கள். பல்லக்கு நெருங்கும்போது அழகரின் முகத்தை யார் தோளும் மறைக்காமல் பார்க்க முடியும். கூடவே தள்ளிக்கொண்டு வரும் உண்டியல் வண்டியில் பிள்ளை தன் கையாலேயே காசு போடலாம். இன்னும் நேரம் இருந்தால் கோயில்வரை போய்வரலாம். வந்து சேரும் அழகருக்கு அங்கே பூசணிக்காயில் சூடம் ஏற்றித் திருஷ்டி சுற்றுகிறார்கள். அது முடிந்ததும் கோயில் கடையில் உளுந்தும் மிளகும் மணக்கும் அழகர்கோயில் தோசை ஒன்றை வாங்கி, வீட்டில் எல்லாருக்கும் பிய்த்துக் கொடுத்துவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும்.