பத்து நிமிஷ மூச்சு: யாருக்குக் கொடுத்த வாக்கு?



கந்த சஷ்டி வந்தா ஆறு நாள் விரதம் இருக்கிறோம். சிலர் பாலும் பழமும் மட்டும், சிலர் ஒருவேளைச் சாப்பாடு, சிலர் இளநீரோட நிறுத்திக்குவாங்க. வேலைக்கும் போறோம், பரீட்சையும் எழுதறோம், சாயந்திரம் கோயிலுக்கும் ஓடறோம். சூரசம்ஹாரம் முடிஞ்சு, மறுநாள் திருக்கல்யாணம் பார்த்த பிறகுதான் இலையில உட்காருவோம். இவ்வளவு வைராக்கியம் உள்ள அதே ஆள், தினம் காலையில பத்து நிமிஷம் மூச்சுப் பயிற்சி பண்ணணும்னு முடிவெடுத்து போன்ல ஒரு ஆப்பை இறக்கினா, ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ நின்னு போயிடுது. ஏன்னு கேட்டா, "மோட்டிவேஷன் போயிடுச்சு."

பசியைத் தாங்கத் தெரிஞ்சவனுக்குப் பத்து நிமிஷம் உட்காரத் தெரியாதா? மன உறுதி இல்லைங்கிற பதில் இங்கே பொருந்தாது. எனக்குத் தோன்றும் காரணம் வேற. விரதம் முருகன்கிட்ட சொல்லி ஆரம்பிச்சது. மூச்சுப் பயிற்சி நமக்கு நாமே சொல்லிக்கிட்டது.

நமக்கு நாமே கொடுத்துக்கிற வாக்குல ஒரு வினோதம் இருக்கு. தத்துவம் படிக்கிறவங்க இதை வெச்சு நிறையவே சண்டை போட்டிருக்காங்க. நண்பன்கிட்ட 500 ரூபாய் கடன் வாங்கினா திருப்பித் தரணும். ஆனா அவனே "பரவாயில்ல, விடுடா"ன்னு சொல்லிட்டா கடன் தீர்ந்தது. வாக்கை வாங்கினவருக்கு அதைத் தள்ளுபடி பண்ற உரிமை உண்டு. இப்போ வாக்கு கொடுத்தவனும் நான், வாங்கினவனும் நான். காலை ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும்போது போர்வைக்குள்ள இருந்தே "பரவாயில்ல, விடு"ன்னு சொல்லிட்டா கணக்கு முடிஞ்சது. நினைச்ச நேரம் ரத்து பண்ணிக்கக்கூடிய ஒண்ணை வாக்குன்னே சொல்ல முடியுமா?

பதிலுக்குப் போறதுக்கு முன்னாடி, அந்தப் பத்து நிமிஷத்துல என்னதான் நடக்குதுன்னு பார்த்துடலாம். அது தெரியாம "ஏன் சலிப்பு வருது"ங்கிறது புரியாது.

பெரும்பாலும் போன்ல வர்ற குரல் சொல்றது இதுதான்: நாலு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழு, ஆறு எண்ணும் வரை மெதுவா வெளியே விடு. ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிஷத்துக்கு 6 மூச்சு. சும்மா உட்கார்ந்திருக்கிற பெரியவங்க சாதாரணமா நிமிஷத்துக்கு 12-லிருந்து 20 மூச்சு விடுவாங்க. நடுவுல 15-ன்னு வெச்சுக்கிட்டா ஒரு நாளைக்கு 21,600. யோக நூல்கள் சொல்ற கணக்கும் இதே 21,600 தான். சிதம்பரத்துல பொற்கூரை ஓடுகளுக்கும் இந்த எண்ணைத்தான் சொல்வாங்க. நம்ம பயிற்சியில பத்து நிமிஷத்துக்கு 60 மூச்சு. சுவாமிமலையில 60 தமிழ் வருஷத்துக்கு 60 படி இருக்கு இல்லையா? தற்செயல்தான், ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச தற்செயல். கண்ணை மூடிக்கிட்டு ஒரு மூச்சுக்கு ஒரு படின்னு மனசுல ஏறிப் பாருங்க. கொஞ்ச நாள்ல அந்தக் குரலே தேவைப்படாது.

எண்ணி மூச்சு விடறதும் ஆப் கண்டுபிடிச்ச விஷயம் கிடையாது. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்துல உள்ளே இழுக்க 16, நிறுத்த 64, வெளியே விட 32 மாத்திரைன்னு அளவே கொடுத்திருக்கார். (அந்த 64-ஐ வீடியோ பார்த்துட்டு வீட்டுல தனியா முயற்சி பண்ணாதீங்க. அது குருகிட்ட உட்கார்ந்து கத்துக்க வேண்டியது. ஆஸ்துமா, இதயப் பிரச்சினை இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க மூச்சை நிறுத்தற எந்தப் பயிற்சிக்கும் முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க.)

மூச்சு உள்ளே போகும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் வேகமாகும், வெளியே வரும்போது கொஞ்சம் மெதுவாகும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கற வேகஸ் நரம்பு செய்யற வேலை இது. வெளிமூச்சை நீட்டும்போது அந்த மெதுவாகிற பக்கத்துக்கு நாம கூடுதல் நேரம் கொடுக்கிறோம். அதனாலதான் முதல் நாளே தோள் இறங்குது, தாடை தளருது, "அடடா, நல்லா இருக்கே"ன்னு தோணுது. பத்தாவது நாளும் உடம்பு அதே வேலையைத்தான் செய்யுது. மனசுதான் "இதைப் பார்த்தாச்சு"ன்னு சொல்லுது.

சலிப்பு வந்தா ஏதோ தப்பு நடந்துட்டதா நினைக்க வேண்டாம். பதஞ்சலி யோக சூத்திரத்துல பயிற்சிக்கு வர்ற தடைகள்னு ஒன்பது சொல்லியிருக்கார். நோய், மனசு மந்தமாகிறது, சந்தேகம், சோம்பல் எல்லாம் அதுல இருக்கு. ஒரு நிலையை எட்ட முடியாததும் ஒரு தடை, எட்டின நிலையில நிற்க முடியாததும் இன்னொரு தடை. 1,500 வருஷத்துக்கும் முன்னாடி எழுதின பட்டியல்ல நம்ம ஒன்பதாம் நாள் இடம் பிடிச்சிருக்கு!

சரி, வாக்குக்கு வருவோம். தனக்குத்தானே கொடுத்த வாக்கு நிற்கலைன்னு தெரிஞ்சதும் நாம என்ன பண்றோம்? வெளியில ஒரு காவல்காரரைத் தேடறோம்.

இப்போ அதிகம் பேர் நம்பறது ஸ்ட்ரீக். தொடர்ந்து 23 நாள்னு ஆப் காட்டுது, அதை உடைக்க மனசு வரலை, அதனால உட்காருறோம். தொடக்கத்துல இது உதவும், மறுக்கலை. ஆனா அந்த எண்ணுக்கு என்ன தெரியும்? ஆடியோ ஓடினது தெரியும். குரல் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கும்போது நாம ரீல்ஸ் தள்ளிக்கிட்டு இருந்தாலும் 24 ஆயிடும். நண்பர்கள் குரூப்ல "டன்"னு போடறதும் இப்படித்தான் ஆகிடுது. பத்து நிமிஷ அமைதிக்காக ஆரம்பிச்சது, தினம் ஒரு சின்னப் பொய்யில போய் முடியும். அதுக்கு அன்னைக்கு உட்காராம இருக்கிறதே மேல்னு நான் சொல்வேன்.

முருகன்கிட்டயே நேர்ந்துக்கலாமேன்னு சிலர் கேட்பாங்க. எனக்கு இதுல தயக்கம் உண்டு. பிரார்த்தனையா, "உன் பேரைச் சொல்லி உட்காரறேன், துணையா இரு"ன்னு ஆரம்பிச்சா அழகு. ஆனா "ஒரு நாள் விட்டா சாமி குத்தம்"னு பயந்து உட்கார்ந்தா, மூச்சைத் தளர்த்தறதுக்கு உட்கார்ந்தவன் பயத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்பான். யாமிருக்க பயமேன்னு நிற்கிறவரை நம்ம அலாரத்துக்கு வாட்ச்மேன் ஆக்கறது நியாயமா?

அப்போ அந்த வாக்கு யாருக்கு?

முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு நாம ஏன் முடிவெடுத்தோம்னு யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு சாயந்திரம் ஆபீஸ் எரிச்சலைக் கொண்டு வந்து வீட்டுல கொட்டியிருப்போம். "சாப்பிட வாப்பா"ன்னு ரெண்டாவது தடவை கூப்பிட்ட அம்மாகிட்ட குரல் உயர்ந்திருக்கும். தங்கச்சி ஏதோ கேட்க வந்து, முகத்தைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிருப்பா. இல்லைன்னா நாளைக்கு இன்டர்வியூ, நெஞ்சு படபடன்னு அடிச்சிருக்கும். அந்த நேரத்துல இருந்த ஆள்தான் கேட்டான், "நாளையிலிருந்து ஏதாவது செய்யேன்"னு. காலை ஐந்தரைக்குப் போர்வைக்குள்ள இருக்கிற ஆளுக்கு எந்த எரிச்சலும் இல்லை, படபடப்பும் இல்லை, சுகமா இருக்கான். அவன் "விடு"ன்னு சொல்றது, கடன் கொடுத்த நண்பன் ஊர்ல இல்லாத நேரத்துல அவன் சார்பா நாமளே "தள்ளுபடி"ன்னு கையெழுத்துப் போடற மாதிரி. வாக்கை வாங்கினவன் சாயந்திரம்தான் வருவான். அவன் பின்னால அம்மாவும் தங்கச்சியும் நிற்கிறாங்க.

நமக்கு நாமே கொடுத்த வாக்குன்னு பேருதான். அதுல பங்குள்ளவங்க நிறையப் பேர். இதைப் பார்த்துட்டா ஆர்வம் இருக்கா இல்லையான்னு தினம் காலையில நாடி பிடிக்க வேண்டிய அவசியம் குறையுது. அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது "இன்னைக்கு மோட்டிவேஷன் இருக்கா"ன்னு யாரும் கேட்டுக்கிறதில்லையே.

இப்படிச் சொன்னதும் இன்னொரு ஓரத்துக்குப் போயிடக் கூடாது. ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா? 21 நாள் செஞ்சா பழக்கம் ஆயிடும்னு எல்லாரும் சொல்வாங்க. அது மேக்ஸ்வெல் மால்ட்ஸ்ங்கிற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல ஒரு புத்தகத்துல எழுதினதிலிருந்து கிளம்பினது. ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்குத் தங்களோட புது முகம் பழக குறைஞ்சது 21 நாள் ஆச்சுன்னுதான் அவர் கவனிச்சார். "குறைஞ்சது"ங்கிற சொல் வழியில எங்கேயோ விழுந்துடுச்சு. பிலிப்பா லாலி குழு லண்டன்ல 96 பேரை வெச்சுப் பண்ணி 2010-ல வெளியான ஆய்வுல, ஒரு செயல் யோசிக்காம தானா வர்ற அளவுக்குப் பழக ஆள் ஆளுக்கு 18 நாள்லயிருந்து 254 நாள் வரைக்கும் ஆகும்னு தெரிய வந்தது. நடுவுல ஒரு தடவை விட்டதால பழக்கம் பெருசா பாதிக்கலைன்னும் அதே ஆய்வு சொல்லுது. ஆப்ல 23 பூஜ்யமானா போனுக்குத்தான் பூஜ்யம். 23 நாள் பழகின உடம்பு அப்படியேதான் இருக்கு.

நடைமுறைக்கு ஒண்ணு ரெண்டு. நேரத்தைவிட இடத்தையும் முன்செயலையும் பிடிச்சுக்குங்க: பல் தேய்ச்சு, திருநீறு இட்டதும், அதே பாய், அதே மூலை. குரல் யாரோடதா இருந்தாலும் பரவாயில்லை, உங்களைவிடச் சின்ன வயசுக்காரரா இருந்தாலும்தான். சுவாமிமலையில அப்பனே பிள்ளைகிட்ட காதைக் கொடுத்தார். பத்து நிமிஷம் கிடைக்காத நாள்ல ஆறு மூச்சு போதும், ஒரு நிமிஷம். பஸ்ல நின்னுக்கிட்டே முடியும். காய்ச்சல், சளி, மூக்கடைப்புன்னா விட்டுடுங்க. தலை சுத்தினா எண்ணுறதை நிறுத்திட்டு சாதாரணமா மூச்சு விடுங்க. உடம்பு தேறினதும் அதே மூலையில பாயை விரிச்சாப் போதும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!