ஊரார் எண்ணெயில் எரியும் விளக்கு



கல்முனையில் ஒரு நண்பகல். கடற்கரை மணலில் கால்வைக்க முடியாத வெயில். ஒரு பத்திரத்துக்காக நீங்கள் ஓர் அரச கந்தோரின் வாங்கில் காத்திருக்கிறீர்கள். யன்னல்களுக்குத் திரை இழுத்து விடப்பட்டிருக்கிறது. திரைக்கு வெளியே சூரியன். திரைக்கு உள்ளே இருபது குழல்விளக்குகள். குளிரூட்டி ஓடுகிறது; கதவோ, ஆட்கள் வந்துபோக வசதியாக, ஒரு கதிரையால் முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. சாப்பாட்டு நேரம் வந்ததும் எல்லாரும் எழுந்து போகிறார்கள். விளக்குகள் எரிகின்றன. விசிறிகள் வெறுங்கதிரைகளுக்குக் காற்று வீசுகின்றன.

இது எந்தக் கந்தோர் என்று கேளாதீர்கள். பெயர் சொல்லிப் பழி சுமத்துவது நமது நோக்கமன்று. நீங்கள் இருப்பது கல்முனையில் என்றாலும் மட்டக்களப்பில் என்றாலும், இதை வாசிக்கும்போதே உங்கள் மனக்கண்முன் ஒரு கந்தோர் வந்து நின்றிருக்கும். ஆனால் அதே உத்தியோகத்தர் மாலையில் வீட்டுக்குப் போனதும் என்ன செய்கிறார்? பிள்ளை அறையை விட்டு வெளியே வந்தால், "லைற்ற நூத்துட்டு வா மகன்" என்று சத்தம் போடுகிறார். மனிதர் ஒருவரே, மனச்சாட்சி மட்டும் இரண்டாகிவிட்டது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் முன்னோர் கேலி செய்தது இதைத்தான்.

கல்முனைக்குடியிலோ மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ ஒரு முஸ்லிம் பெரியவரிடம் இதைப்பற்றிப் பேசிப்பாருங்கள். அவர் ஒரு கதை சொல்லக்கூடும். கி.பி. 717 முதல் 720 வரை ஆட்சி செய்த கலீபா உமர் பின் அப்துல் அஸீஸ் ஓரிரவு விளக்கொளியில் அரச கருமம் பார்த்துக்கொண்டிருந்தாராம். வந்தவர் அரச விடயம் பேசி முடித்தபின், கலீபாவின் குடும்ப நலத்தை விசாரித்தார். உடனே கலீபா அந்த விளக்கை அணைத்துவிட்டு, தம் சொந்த எண்ணெயில் எரியும் சிறு விளக்கொன்றைக் கொண்டுவரச் சொன்னார். முதல் விளக்கின் எண்ணெய் மக்களுடையது. என் வீட்டுப் பேச்சுக்கு அது எரியலாகாது என்பது அவர் நியாயம். நம் அயலவர்கள் இதனை அமானிதம் என்பார்கள். பிறர் நம்மை நம்பி நம் கையில் ஒப்படைத்த பொருள் என்பது அதன் கருத்து. கிறிஸ்தவருக்கும் இது புதிய பாடமன்று. வீட்டுத் தலைவன் வந்து கணக்குக் கேட்கும் உவமைகளை நாம் ஆண்டுதோறும் ஆலயத்தில் கேட்கிறோமே!

கலீபாவின் எண்ணெய் ஒரு சாடியில் இருந்தது. நம் கந்தோர் விளக்கின் எண்ணெய் எங்கிருந்து வருகிறது? நம் மாவட்டத்திலேயே இங்கினியாகலையில் ஒரு நீர்மின் நிலையம் உண்டு. கல்லோயாத் திட்டத்தோடு எழுந்தது. அதன் கொள்ளளவு சுமார் 11 மெகாவாற்று. அங்கே சுழலியைச் சுற்றிய நீர், பின் கீழே இறங்கி நம் வயல்களுக்குப் பாய்கிறது. நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையமோ புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் இருக்கிறது. கொள்ளளவு 900 மெகாவாற்று. அதற்கு வேண்டிய நிலக்கரி முழுவதும் டொலர் கொடுத்துக் கப்பலில் வருகிறது. தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு யாத்திரை போனவர்களுக்கு அந்தக் கரை தெரிந்திருக்கும். நிலக்கரித் தூசும் சாம்பலும் தம் வீடுகளிலும் தோட்டங்களிலும் படிகின்றன என்று அங்குள்ள மீனவரும் தோட்டக்காரரும் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். ஆகவே, ஆளில்லாத அறையில் இங்கே ஒரு விளக்கு எரிந்தால், அதன் புகையை வேறொரு கரையில் வேறொரு தாயின் பிள்ளை சுவாசிக்கிறது.

2022ஆம் ஆண்டை நாம் அதற்குள் மறந்துவிட முடியுமா? எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல், மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் தற்போதைக்குத் தீர்க்க இயலாது என்று நாடு அறிவித்தது. பின்னர் கட்டணம் ஏறியது. மாதம் முப்பது அலகுக்குள் பாவிக்கும் வீட்டுக்கு ஓர் அலகு 2 ரூபா 50 சதமாக இருந்தது. 2022 ஆகஸ்டில் அது 8 ரூபாவாகி, 2023 பெப்ரவரியில் 30 ரூபாவாயிற்று. பிறகு கட்டணம் குறைக்கப்பட்டது உண்மையே. ஆனால் அதற்குள் கட்டமுடியாத இலட்சக்கணக்கான இணைப்புகள் துண்டிக்கப்பட்டுவிட்டன. குப்பி விளக்கில் பிள்ளைகள் படித்த வீடுகள் நம் பங்குகளிலும் இருந்தன.

இந்நிலையில்தான் நம் கேள்வி எழுகிறது. மாநகர சபைக் கட்டடங்களிலும் நூலகங்களிலும் சந்தைகளிலும் பழைய விளக்குகளையும் விசிறிகளையும் குளிரூட்டிகளையும் மாற்றுவதற்கு அரசாங்கம் பணம் ஒதுக்குவது நீதியா? ஏழையின் வீட்டில் இணைப்பை வெட்டிவிட்டுக் கந்தோருக்குப் புது விளக்குப் போடுவதா என்று ஒருவர் கோபத்தோடு கேட்கலாம். அந்தக் கோபம் நியாயமானது. எனினும் கணக்கைப் பார்ப்போம்.

பழைய குழல்விளக்கு ஒன்று, அதன் சோக்கையும் சேர்த்து, ஏறக்குறைய 50 வாற்று எடுக்கும். அதே வெளிச்சத்தைத் தரும் எல்.ஈ.டி. குழலுக்கு 20 வாற்றுப் போதும். நூறு விளக்குகளுள்ள ஒரு கட்டடத்தில், நாளுக்கு எட்டு மணிநேரம், ஆண்டுக்கு 240 வேலைநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 5,760 அலகு மிச்சமாகும். மாதம் 60 அலகு பாவிக்கும் எட்டுக் குடும்பங்களின் ஓராண்டு மின்சாரம் அது. இத்தனையும் விளக்கில் மட்டும். விசிறியும் குளிரூட்டியும் வேறு. அப்படியானால், பழைய விளக்கை அப்படியே எரியவிடுவது சிக்கனமன்று. ஒவ்வோர் ஆண்டும் எட்டுக் குடும்பங்களின் ஒளியை யாருக்கும் பயனின்றிக் கொட்டிவிடுவதாகும். நாம் பாவமன்னிப்புச் செபத்தில் சிந்தனையால், சொல்லால், செயலால் செய்த பாவங்களோடு நிறுத்துவதில்லை. கடமையில் தவறியதையும் சேர்த்தே அறிக்கையிடுகிறோம். செய்யாமல் விட்டதற்கும் கணக்கு உண்டு.

ஆதலால் பணம் ஒதுக்குவது நீதியே. ஆனால் வாதம் இங்கே முடியவில்லை, இங்கேதான் தொடங்குகிறது. அந்த மிச்சம் யாருடையது?

மிச்சம் என்பது விசித்திரமான பொருள். கட்டிய மண்டபத்தைக் காணலாம். வாங்கிய வாகனத்தைக் காணலாம். வராமல் போன மின்பட்டியலை யார் காண்பார்? காணாத பொருளைக் களவெடுப்பது எளிது. களவென்று தெரியாமலே எடுப்பது அதனிலும் எளிது. விளக்குக்குச் செலவு குறைந்துவிட்டதே என்று இன்னும் இரண்டு குளிரூட்டிகளைப் பொருத்தினால், மிச்சத்தை நாமே தின்றுவிட்டோம். இயந்திரம் சிக்கனமாகும்போது நிலக்கரிச் செலவு குறையாமல் கூடவும் கூடும் என்று இங்கிலாந்துப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865இலேயே எழுதிவைத்தார்.

பிற நாடுகளின் அனுபவத்தையும் பார்ப்போம். அமெரிக்க மத்திய அரசு 2009இல் மாநிலங்களுக்கும் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் இத்தகைய வேலைகளுக்கென 320 கோடி டொலரை மானியமாக ஒதுக்கியது. இந்தியா வேறு வழியை எடுத்தது. அங்கே அரசுத்துறை நிறுவனங்கள் கூடி 2009இல் தொடங்கிய ஈ.ஈ.எஸ்.எல். என்னும் நிறுவனம், முதலில் தன் பணத்தில் விளக்குகளை மாற்றிக்கொடுக்கும். மிச்சமாகும் பணத்திலிருந்து நகரசபை தவணைமுறையில் திருப்பிக் கட்டும். 2014 ஒக்ரோபரில் ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தைத் தாக்கியபின், அந்நகரின் தெருவிளக்குகளில் 90,000க்கு மேற்பட்டவை இம்முறையில் மாற்றப்பட்டன. பின்னர் நாடெங்கும் ஒரு கோடிக்கு மேல் தெருவிளக்குகள் மாறின. அருமையான ஏற்பாடு. ஆயினும் நடந்தது என்ன? விளக்கு எரிந்தது, மின்செலவு குறைந்தது, ஆனால் பல நகரசபைகள் ஒப்புக்கொண்ட தவணையைக் கட்டவில்லை. நிலுவை மலைபோல் ஏறியது. விளக்கில் பிழை இல்லை. பிழை வாக்குத் தவறியதில் இருந்தது.

நம் கரைக்கு இது பழகிய பாடம்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இக்கரையில் எத்தனையோ கட்டடங்கள் பிறநாட்டார் உதவியால் எழுந்தன. கொடுத்தவர்களுக்கு நாம் என்றும் நன்றியுடையோம். ஆனால் நன்கொடையாளர் திறப்புவிழாவுக்கு ஒருமுறைதான் வருவார்; மின்பட்டியல் மாதந்தோறும் வரும். உயர்ந்த கூரையும் சுற்று விறாந்தையும் வைத்து வெயிலோடு சமாதானமாக வாழ்ந்த பழைய கட்டடங்களின் அறிவை நாம் கைவிட்டு, கண்ணாடியை அடைத்துக் குளிரை விலைக்கு வாங்கப் பழகிவிட்டோம்.

ஆகவே, இப்பணத்தைப் பெறும் எந்தச் சபையிடமும் நாம் மூன்று காரியங்களை எதிர்பார்க்க உரிமையுண்டு. முதலாவது, வேலை தொடங்குமுன் மாதாந்த மின்பட்டியலைப் பொதுமக்கள் காணும் சுவரில் ஒட்டவேண்டும். முடிந்தபின்னும் ஒட்டிவர வேண்டும். இரண்டாவது, மிச்சமாகும் பணம் எங்கே போகும் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். இருள் சூழ்ந்த ஓர் ஒழுங்கைக்கா, ஆரம்ப வைத்திய நிலையத்துக்கா? பெயர் சொல்லப்படாத மிச்சம் ஆவியாகிப் போகும். மூன்றாவது, உள்ளே இருப்போரும் சிறிது தாங்கவேண்டும். திரையை விலக்குவதற்கும், கதவைச் சாத்துவதற்கும், குளிரூட்டியை 26 பாகையில் வைப்பதற்கும் எந்த அமைச்சின் நிதியும் தேவையில்லை.

"கேட்க எங்களுக்கு உறுப்பினரே இல்லையே" என்று கல்முனை வாசகர் சொல்லலாம். உண்மைதான். உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6இல் நாடெங்கும் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது, நீதிமன்ற வழக்கின் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு நடக்கவில்லை. ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தப் பிரசைக்கும் எழுதிக் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஒரு கட்டடத்தின் ஓராண்டு மின்செலவு எவ்வளவு என்று கேட்பது பகையன்று. சோலைவரி கட்டும் வீட்டுக்காரரும், சந்தையில் வாடகை கொடுக்கும் மீன்வியாபாரியும் தம் எண்ணெயைப் பற்றிக் கேட்கிறார்கள், அவ்வளவே.

இதுவரை கந்தோரைப் பார்த்தோம். இனி நம் பக்கம் திரும்புவோம். 2025 ஏப்ரலில், இந்திய உதவியோடு இலங்கையின் 25 மாவட்டங்களிலும் 5,000 வணக்கத்தலங்களின் கூரைகளில் சூரியமின் தகடுகள் பொருத்தும் திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. விகாரை, கோவில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. நம் ஆலயக் கூரைக்கும் ஒருநாள் அது வரலாம். அன்று நம் மின்செலவு குறையும். அந்த மிச்சத்தை என்ன செய்வோம்? பெருநாளுக்கு இன்னும் நூறு மின்குமிழ் கட்டுவோமா? அல்லது இணைப்பு வெட்டப்பட்ட வீட்டுக்காரரின் நிலுவையைக் கட்டுவோமா? திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில், தேவையற்ற விளக்கை அணைப்பது போன்ற சிறு செயல்களையும் படைப்பின்மீது காட்டும் அன்பாகவே எண்ணினார். மாநகர சபையிடம் நாம் கேட்கும் மூன்று காரியங்களையும் முதலில் நம் பங்குச் சபையிடம் கேட்போம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் வெளியேறியபின், ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உள்ளே விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தால், சக்கிலித்தாரைத் தேடவேண்டாம். ஆளி சுவரில்தான் இருக்கிறது. அந்த எண்ணெய் ஊராருடையது. அந்த ஊராரில் நீங்களும் ஒருவர்.