மணநீக்கப் பத்திரமும் உண்மையும்

பொய்யும் தவறும் தோன்றியமையாலேயே திருமணத்திற்குக் கரணம் வகுக்கப்பட்டதென்பது தொல்காப்பியக் கற்பியல் தரும் செய்தி. ஒருத்தியோடு கூடியவன் பின்னர் அவளை அறியேன் என மறுத்தல் கூடாது. அதற்காகவே ஊரறிந்த சடங்கு வேண்டியதாயிற்று என அதனை விளக்குவர். பொய்யைத் தடுத்தற்கு எழுந்த ஒரு நிறுவனம் முறியும் வேளையில், அதனை முறிப்பதற்குப் பொய்யே வாயிலாக அமையுமாயின், அது சட்டத்தரணிகளுக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று, அறவியலின் பிரச்சினையுமாகும்.

இலங்கையின் பொதுச் சட்டத்தின்கீழ் மணநீக்கம் கோருபவர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடல் வேண்டும். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் அதற்கு மூன்று காரணங்களையே ஏற்கின்றது: மணத்தின் பின் நிகழ்ந்த சோரம், வன்மத்தோடு கைவிட்டமை, மணநாளிலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. இருவரும் ஒருமித்துப் பிரிய விரும்புகின்றனர் என்பது காரணமாகாது. அதுமட்டுமன்று, வழக்காளியும் எதிராளியும் தம்முள் உடன்பட்டு வழக்கை நடத்துகின்றனர் எனக் காணப்படின் அது தள்ளப்படவேண்டும் எனக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை விதிக்கின்றது. மனமொத்து வாழ இயலாத இருவர் பிரிவதிலேனும் மனமொத்தனராயின், அவ்வொற்றுமையை மறைத்தாலன்றி அவர்களுக்கு விடுதலை இல்லை.

நடைமுறை இதற்கு ஒரு வழி கண்டுகொண்டது. இருவருள் ஒருவர் வழக்காளி ஆகின்றார். மற்றவர் தம்மை வன்மத்தோடு கைவிட்டார் என முறைப்பாடு எழுதப்படுகின்றது. மற்றவர் மன்றுக்கு வருவதில்லை, வந்தாலும் எதிர்ப்பதில்லை. ஒருதலை விசாரணையில் சில நிமிடச் சாட்சியம், இடைக்காலத் தீர்ப்பாணை, குறைந்தது மூன்று மாதம் கழித்து முற்றான தீர்ப்பாணை. இஃது எவரும் நம்பாத வெறும் வாய்பாடு, இதனாற் கேடென்ன எனச் சட்டமறிந்தோர் வினவக்கூடும். எவரும் நம்பாத ஒன்றைச் சத்தியஞ்செய்து கூறும் இடமாக நீதிமன்றம் மாறுவதே முதற் கேடு. கைவிட்டவர் எனப் பெயர் பதியப்பட்டவர் அப்பெயரோடு ஊரில் வாழவேண்டும் என்பது அடுத்தது. பிள்ளை வளர்ந்து ஒருநாள் அப்பத்திரத்தைப் படிக்கவும் கூடும். அதிலுள்ளது வாய்பாடென்று அப்பிள்ளைக்கு யார் எடுத்துரைப்பார்? இவற்றினும் கொடியது பிறிதொன்று. உடன்பட மறுக்கும் துணையை உடையவர், நிறுவத்தக்க குற்றம் எதுவும் இல்லாதவிடத்து, கட்டுண்டே கிடக்கின்றார். 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஏழாண்டு பிரிந்து வாழ்ந்தோர்க்கு ஒரு கதவைத் திறந்ததாகத் தோன்றியது. ஆயின் அத்தகையோரும் குற்றத்தை நிறுவியாக வேண்டும் என 1986இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது.

குற்றம் காணாது மணத்தைக் கலைப்பது நமது பண்பாட்டுக்கு ஒவ்வாது என்பார் உளர். அவர்கள் காக்க முனையும் கொள்கை எங்கிருந்து வந்தது என்பது நோக்கற்பாலது. சோரம், கைவிடல் என்னும் இரண்டும் உரோம-டச்சுச் சட்டத்தின் வழிவந்தவை. சீர்திருத்தக் கிறித்தவர் விவிலியத்திற்குக் கொண்ட பொருளில் வேரூன்றியவை. ஒல்லாந்தர் கொணர்ந்ததைத் தமிழர் மரபெனப் போற்றுதல் வேடிக்கையே. இதே தீவில், 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் இருவரின் சம்மதத்தையும் காரணமாக ஏற்றது. மகிழ்ந்து கூடிவாழ இயலாமையையும் ஏற்று, ஓராண்டுப் பிரிவை அதற்கு அளவுகோலாக்கியது. அங்கு ஆணை வழங்குபவர் நீதிபதியல்லர், மாவட்டப் பதிவாளரே. கண்டியச் சிங்களவர் உண்மையைக் கூறிப் பெறக்கூடியதை யாழ்ப்பாணத்தவர் பொய்யுரைத்துப் பெறவேண்டியிருப்பதற்கு அறவியல் நியாயம் எதுவும் காண்பதரிது. (முஸ்லிம்களின் தனிச்சட்டம் வேறாக ஆராயப்பட வேண்டியது.)

எளிமை பற்றிய அச்சத்தை மட்டும் அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது. இலங்கைத் தமிழர் பலர் குடியேறிய இங்கிலாந்திலும் குற்றங்கூறும் முறையே நெடுங்காலம் மேலோங்கியிருந்தது. கணவனின் நடத்தை போதிய குற்றமாகாதென ஒரு மனைவியின் கோரிக்கையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018இல் மறுத்தமை பெருஞ் சர்ச்சையாயிற்று. 2020ஆம் ஆண்டுச் சட்டம் 2022 ஏப்ரல் 6இல் நடைமுறைக்கு வந்தது. மணமாகி ஓராண்டு கழிந்த ஒருவர், மணவாழ்வு மீளமுடியாதவாறு முறிந்துவிட்டது எனக் கூறுவதே போதும். அதனை இணையவழியாகவே விண்ணப்பிக்கலாம். சாப்பாட்டு மேசையில் இருந்தபடி நிரப்பப்படும் படிவம் ஒன்றினால் மணம் முடிந்துபோவது பலர்க்கு அதிர்ச்சி தருகின்றது.

அவ்வதிர்ச்சியில் இரு வேறு பொருள்கள் ஒன்றாகக் குழம்பியுள்ளன. படிவம் எளிதென்பதனால் முடிவும் எளிதாகிவிடாது. விண்ணப்பத்திற்கும் நிபந்தனை ஆணை கோருதற்கும் இடையே 20 வாரங்களும், அதன்பின் இறுதி ஆணைக்கு மேலும் 6 வாரங்களும் செல்லவேண்டும். பழிக்குப் பதிலாகக் காலத்தைச் சட்டம் வேண்டுகின்றது. சிந்திப்பதற்குக் காலம் உதவும், பழி உதவாது. மனப்பொருத்தமின்மையே போதிய காரணமென ஜோன் மில்ற்றன் 1643இல் எழுதியபோது அவரைத் தூற்றியோரும், ஒழுக்கம் சீர்குலையும் என்றே அஞ்சினர்.

ஒருவரின் விருப்பமே மணத்தைக் கலைக்கப் போதும் என்றார் வில்ஹெல்ம் ஹம்போல்ற். தனிமனித சுதந்திரத்தின் பெரும் வழக்கறிஞரான ஜோன் ஸ்ருவாட் மில்லும் 1859இல் இதனை முழுமையாக ஏற்கவில்லை. ஒருவர் தம் சொல்லால் மற்றவரை நம்பச்செய்து, அந்நம்பிக்கையின்மேல் அவர் வாழ்வை அமைக்கச் செய்தபின், பிள்ளைகளும் பிறந்தபின், விருப்பம் மாறியது என்பதால் கடமை மறைந்துவிடாதென்றார். மில்லின் கருத்தே வலிது. ஆயினும் அது குற்றங்காணும் முறைக்கு ஆதரவாகாது. படிவம் கேட்கவேண்டிய வினாக்கள் எவை என்பதையே அது உணர்த்துகின்றது. யார் தீயவர் என்பதன்று வினா. பிள்ளை யாரிடம் வளரும், தாபரிப்பை யார் செலுத்துவார், வீடு யாருக்கு, உழைக்கும் வாய்ப்பை இழந்து இருபதாண்டு அடுக்களையில் நின்றவளுக்கு இனி என்ன வழி என்பனவே வினாக்கள். பழி நிறுவப்படும் வழக்கில் இவை பின்னே தள்ளப்படுகின்றன. குற்றவாளி யார் எனக் கண்டபின் நீதி முடிந்துவிட்டது போன்ற மயக்கம் உண்டாகின்றது.

தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணின் நிலை இதனைத் தெளிவாக்கும். கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி மனைவி தன் அசையாச் சொத்தை விற்கவோ நன்கொடையாக்கவோ இயலாதென 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் விதித்தது. அச்சொத்து அவள் தந்தை கொடுத்த சீதனக் காணியாயினும் அவ்வாறே. கைவிட்டுச் சென்றவனின் கையொப்பமின்றி விற்பதற்கு அவள் நீதிமன்றத்தின் அனுமதியை வேண்டி நிற்கவேண்டும். அவளைப் பொறுத்தவரை மணநீக்கப் பத்திரம் என்பது கணவன்மேற் சுமத்தும் பழியன்று. தன் காணியைத் தானே எழுதிக் கொடுக்கும் உரிமை. அவ்வுரிமையைக் கேட்க வந்தவளிடம், அவன் உன்னை வன்மத்தோடு கைவிட்டானா என்பதைச் சட்டம் முதலில் கேட்கின்றது. அவன் வன்மத்தோடு செல்லவில்லை, வாழமுடியாமற் சென்றான் என்பதே அவளது உண்மையான விடையாக இருக்கலாம். அவ்விடையை எழுதுவதற்கு முறைப்பாட்டில் இடமில்லை.