கடமையில்லாப் பணியும் கடப்பாடும்

ஊதியம் பெற்றுப் பணிபுரிவோன் தன் பணியில் தவறுமிடத்து அவனைக் குறைகூறுவதற்குரிய நியாயம் எளிதிற் புலப்படும். அவன் ஒன்றைச் செய்வதாக ஒப்புக்கொண்டான். அதற்குரிய கூலியையும் பெற்றான். ஒப்புக்கொண்டதைச் செய்யாது விட்டான். ஆனால், எவரும் ஏவாமலும் எதனையும் பெறாமலும் தானே முன்வந்து ஒரு பொதுப்பணியை மேற்கொண்டவன் அதில் தவறும்போது அவனைக் குறைகூறலாகுமா? ஒழுக்கவியலில் இவ்வினா பழையது. எனினும், இன்று இது புதிய வடிவிற் கூர்மையடைந்துள்ள களங்களுள் ஒன்றாகக் கணினி மென்பொருள்களை ஊதியமின்றிப் பேணிவரும் தொண்டர்களின் உலகத்தைக் குறிப்பிடலாம்.

லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பணிசெயல் முறைமைகள் பலவற்றுள் டெபியன் என்பது நீண்ட வரலாறு உடையது. அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த இயன் மேர்டொக் 1993 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் இதனைத் தொடங்கினார். இதற்கு உரிமையாளரான வணிக நிறுவனம் எதுவுமில்லை. உலகின் வெவ்வேறிடங்களில் எழுதப்படும் மென்பொருள்களைத் திரட்டி, அவை ஒன்றோடொன்று முரணாது இயங்குமாறு இசைவித்து, 'பொதி'களாகக் கட்டி வழங்குவதே இத்திட்டத்தின் வேலை. 2023 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளியான இதன் பன்னிரண்டாம் பதிப்பில் 64,000 க்கு மேற்பட்ட பொதிகள் அடங்கியிருந்தன. ஒவ்வொரு பொதியும் ஒரு பராமரிப்பாளரின் பெயரிலோ ஒரு குழுவின் பெயரிலோ பதியப்பட்டிருக்கும். மூல நிரலில் வரும் திருத்தங்களைப் பொதியிற் சேர்த்தல், வழு அறிக்கைகளுக்கு விடையளித்தல், பாதுகாப்புக் குறைகளை அடைத்தல் என்பன அவர்களது பணிகள். சிலருக்கு அவர்தம் தொழில்தருநர் இதற்கென நேரம் ஒதுக்குவதுண்டு. ஏனையோர் தமது ஓய்வு நேரத்தையே இதற்கு ஈந்துவருகின்றனர்.

இத்திட்டத்தின் இரண்டு ஆவணங்கள் ஒருங்குவைத்து நோக்கத்தக்கன. 1997 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட சமூக ஒப்பந்தம் பயனாளருக்குச் சில வாக்குறுதிகளை அளிக்கின்றது. குறைகளை மறைப்பதில்லை என்பதும், பயனாளரின் நலனுக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் முதலிடம் அளிக்கப்படும் என்பதும் அவற்றுட் சில. அடுத்த ஆண்டில் நடைமுறைக்கு வந்த யாப்போ, திட்டத்துக்காக வேலைசெய்யும் கடமையை எவர்மீதும் தான் சுமத்தவில்லை என்று வெளிப்படையாகக் கூறுகின்றது. ஒப்படைக்கப்பட்ட வேலையைச் செய்ய விரும்பாதவர் அதனைச் செய்யாதுவிடலாம். முறைப்படி எடுக்கப்பட்ட முடிவுகளுக்கு எதிராகச் செயற்படாதிருந்தாற் போதும். ஒருபுறம் பொதுமக்களுக்கு வாக்கு. மறுபுறம் அவ்வாக்கை நிறைவேற்றும் கடமை எவருக்கும் இல்லை. மேலோட்டமாக நோக்குவோருக்கு இது முரண்பாடாகவே தோன்றும்.

கொடையைப் பெறுவோன் அதன் அளவையோ தரத்தையோ குறித்து முறையிட முடியாது என்பது ஒரு சாராரின் கருத்து. இக்கருத்தில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மையன்று. மாரிகாலத்திற் குளக்கட்டை இரவில் தானே காவல் செய்வதாக ஊரவருள் ஒருவன் முன்வருகின்றான் எனக் கொள்வோம். அவன் சொல்லை நம்பி ஏனையோர் உறங்கச் செல்கின்றனர். அன்றிரவு அவன் அறிவிக்காமலே வீடு திரும்ப, கட்டு உடைகின்றது. அவன் முன்வராதிருந்தால் வேறொருவன் விழித்திருந்திருப்பான். ஆகவே, அவன் கொடுக்காது விட்டதனால் மட்டும் ஊர் கெடவில்லை; கொடுப்பதாகச் சொல்லி ஓர் இடத்தை அடைத்துக்கொண்டமையாலேயே கெட்டது. பொதியொன்றின் பராமரிப்பாளராகத் தம் பெயரைப் பதிந்தவரின் நிலையும் இத்தகையதே. அப்பெயர் அங்கிருக்கும்வரை அப்பொதி கவனிக்கப்படுகின்றது எனப் பிறர் நம்புவர். மற்றொருவர் அப்பணிக்கு முன்வரத் தயங்குவர். கடப்பாடு கூலியினால் மட்டும் பிறப்பதன்று. பிறரிடத்து ஒருவர் தோற்றுவித்த நம்பிக்கையினாலும் பிறப்பதாகும்.

இந்நம்பிக்கையின் பாரம் எத்தகையது என்பதை 2008 ஆம் ஆண்டின் நிகழ்வொன்று காட்டும். இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கப் பயன்படும் ஓப்பன்-எஸ்.எஸ்.எல். என்னும் பொதியில், 2006 இல், டெபியன் பராமரிப்பாளர் ஒருவர் சிறு திருத்தமொன்றைச் செய்தார். சோதனைக் கருவியொன்று விடுத்த எச்சரிக்கைகளை நீக்குவதே அவர் நோக்கம். மூல நிரலை எழுதுவோரிடம் அவர் முன்னரே வினவியுமிருந்தார். ஆனால், நீக்கப்பட்ட வரிகளோடு இரகசியச் சாவிகளை ஊகிக்கவொண்ணாதனவாக ஆக்கும் எழுமாற்றுத் தன்மையும் பெரும்பாலும் நீங்கிற்று. கணக்கற்றனவாக இருந்திருக்கவேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,000 என்னும் எல்லைக்குட் சுருங்கின. டெபியனை அடியொற்றி எழுந்த உபுந்து முதலியவற்றிலும் இக்குறை பரவியிருந்தது. நல்லெண்ணம் மட்டும் தீங்கைத் தடுக்காது என்பது இதனாற் பெறப்படும். எனினும், 2008 மே 13 ஆம் நாள் டெபியன் திட்டம் இக்குறையைத் தானே உலகறிய அறிவித்தது என்பதும், பழுதுற்ற சாவிகளை இனங்காணும் கருவிகளை வழங்கிற்று என்பதும் உடன்வைத்து எண்ணத்தக்கன. தவறாமையை எவரும் வாக்களித்திருக்கவில்லை, மறையாமையை வாக்களித்திருந்தனர். அவ்வாக்குக் காக்கப்பட்டது.

அவ்வாறாயின், தொண்டர் தம் வாழ்நாள் முழுவதும் அப்பொதிக்குக் கட்டுண்டவரா? நம்பினோர் அனைவரும் அவரிடம் உழைப்பை உரிமையாகக் கேட்கலாமா? இவ்வினாக்களுக்கு 2024 ஆம் ஆண்டின் நிகழ்வு விடை தருகின்றது. எக்ஸ்.இசட். என்னும் தரவுச் சுருக்கு மென்பொருளை ஒருவர் பல்லாண்டுகளாகத் தம் பொழுதுபோக்காகவே பேணிவந்தார். 2022 இல், வேலை தாமதமாகின்றது எனப் பல பெயர்களில் அவருக்கு நெருக்குதல்கள் வந்தன. தமது உளநலக் குறைவையும், தாம் ஊதியம் பெறாமையையும் அவர் எடுத்துரைத்தார். அதற்கு முன்பிருந்தே உதவிசெய்து நம்பிக்கையை ஈட்டியிருந்த ஒருவர் காலப்போக்கில் உடன்-பராமரிப்பாளரானார். அவரது உண்மை அடையாளம் பகிரங்கமாக நிறுவப்படவில்லை. 2024 பெப்ரவரியில் வெளியான பதிப்பில், கணினிகளுக்குள் அயலார் களவாக நுழைவதற்கான வழியொன்று அவர் பெயரால் மறைத்துவைக்கப்பட்டிருந்தது. டெபியனின் சோதனை நிலைப் பதிப்புகளில் அது இடம்பெற்றுவிட்டது. தொலைவிலிருந்து உள்நுழைவதற்கு ஏறத்தாழ அரைச் செக்கன் மேலதிகமாகச் செல்வதைக் கவனித்த அன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியியலாளர், காரணத்தை ஆராய்ந்து மார்ச் 29 ஆம் நாள் வெளிப்படுத்தியிராவிடின், நிலையான பதிப்புகளிலும் அது சென்றடைந்திருக்கக்கூடும். களைத்த ஒருவரை ஓய்வெடுக்க விடாது நெருக்கிய குரல்கள் எவருக்கு உதவின என்பது இங்கு சிந்திக்கத்தக்கது.

ஜேர்மானிய மெய்யியலாளரான இம்மானுவேல் கான்ற் கடமைகளை இருவகைப்படுத்தினார். பொய்யான வாக்குறுதி அளியாமை போன்றவை விலக்கேதுமற்ற நிறைகடமைகள். பிறர்க்கு உதவுதல் போன்றவை எப்போது, எவ்வளவு, எவருக்கு என்பவற்றைச் செய்வோனின் தேர்வுக்கு விடும் நிறைவுறாக் கடமைகள். இப்பாகுபாட்டின் துணைகொண்டு நோக்குமிடத்து முற்கூறிய இரு ஆவணங்களுக்குமிடையே முரண்பாடு இல்லை என்பது தெளிவாகும். உழைப்பு நிறைவுறாக் கடமையின்பாற்படும். ஆகவே யாப்பு அதனைக் கட்டாயப்படுத்தவில்லை. உண்மை உரைத்தல் நிறைகடமை. ஆகவே ஒப்பந்தம் அதனை வாக்களிக்கின்றது. தொண்டர் தம் உழைப்பை எப்போதும் நிறுத்தலாம். நிறுத்திய பின்னரும் உழைப்பவர்போல் தம் பெயரை அங்கே விட்டுவைத்தல் மட்டும் ஆகாது.

டெபியன் வழக்காறொன்று இவ்வறத்தை நடைமுறையில் வைத்திருக்கின்றது. இனித் தம்மால் இயலாது எனக் கருதும் பராமரிப்பாளர் தமது பொதியை 'அநாதை' என அறிவிக்கலாம். அவ்வாறு அறிவிக்கப்பட்டதை விரும்பும் ஒருவர் தத்தெடுக்கலாம். அதுவரை தரக் காப்புக் குழுவினர் இயன்றவாறு அதனைக் கவனிப்பர். முற்றாகக் கைவிடாது உதவி கோருவதற்கும் தனி வழியுண்டு. 'என்னால் இயலவில்லை' என்று சொல்வது இங்கு இழுக்கன்று. பொறுப்பின் இறுதிச் செயலாக அது மதிக்கப்படுகின்றது. சொல்லாமல் மறைபவரையே இவ்வழக்காறு குறைகாண்கின்றது.

பெறுவோரின் கடப்பாடும் இங்கேதான் தொடங்குகின்றது. திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரு வேறு அதிகாரங்களாக வைத்துள்ளது. ஈகை இல்லாதோர்க்கு இருப்போர் வழங்குவது. ஒப்புரவு ஊரோடு ஒத்து வாழ்தலின் பாற்பட்ட பொதுநலப் பணி. மென்பொருட் பொதியைப் பேணுதலை ஈகை எனக் கொள்வோர் பெற்றதற்கு நன்றி கூறி, அல்லது கிடையாததற்குக் குறைகூறி அமைவர். அதனை ஒப்புரவு எனக் கொள்வோரால் அவ்வாறு அமைய முடியாது. தாமும் அவ்வூரினர் என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டுள்ளனர். பல்கலைக்கழகங்களும் அரச அலுவலகங்களும் பெரும் வணிக நிறுவனங்களும் இத்தொண்டர்களின் உழைப்பின்மீது தமது அன்றாட வேலைகளை ஏற்றிவைத்துள்ளன. வழுவைத் தெளிவாக அறிவித்தல், திருத்தத்தைச் சோதித்தல், ஆவணங்களை எழுதுதல், தம் ஊழியருக்கு இதற்கென நேரம் ஒதுக்குதல் என அவற்றால் ஆகக்கூடியன பல. இவற்றுள் ஒன்றையேனும் செய்யாது உரிமைக் குரல் எழுப்புவோர், குளக்கட்டின் காவலனை எழுப்பிவிட்டுத் தாம் உறங்கச் செல்வோரேயாவர். விலகிச் செல்லும் சுதந்திரம் தொண்டருக்கு யாப்பினால் மட்டும் கிடைத்துவிடாது. அவர் இறக்கிவைக்கும் பாரத்தை ஏற்க இன்னொருவர் ஆயத்தமாக இருக்கும்போதே அது மெய்யாகவும் கிடைக்கும்.